அடுத்தது பெர்சியாள்

இடப்பக்கமிருந்து ஆரம்பிப்பார்கள் என்று யார் கண்டது. ஐயரம்மா, அதாவது சபைப் போதகரின் மனைவி, எந்த வீட்டுக்குப் போனாலும் சங்கிலி ஜெபத்தைத் தன் வலப்பக்கமாகத்தான் சுற்றிவிடுவாள். அதை நம்பித்தானே பெர்சியாள் நாற்காலிகளை வட்டமாகப் போடும்போதே ஐயரம்மாவுக்கு இடப்பக்கத்தில் நாலாவது நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தாள். வலமாகச் சுற்றி இங்கே வந்து சேர்வதற்குள் அடுப்படியில் காபி ஆறிவிடும், ஐயரம்மா கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்ப்பாள், கர்த்தருடைய ஜெபத்தோடு முடித்துக்கொள்வோம் என்பாள், தப்பித்தாயிற்று. எத்தனை கூட்டத்தில் இப்படித் தப்பித்திருக்கிறாள். இன்றைக்கென்று பார்த்து அந்த மகராசி தன் ஜெபத்தை முடித்த கையோடு இடக்கையை நீட்டிப் பாக்கியசீலி டீச்சரின் முழங்கையைத் தொட்டுவிட்டாள். கண்ணை மூடியிருக்கும்போது இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று கேட்கக்கூடாது. பெர்சியாளின் கண் எந்த ஜெபத்திலும் முழுசாக மூடியதில்லை, இமைக்கு நடுவில் ஒரு நூல் இடைவெளி வைத்திருப்பாள், பயந்தாங்கொள்ளிகள் எல்லாரும் வைத்திருப்பார்கள், யார் ஒத்துக்கொள்ளப்போகிறார்கள். டீச்சர், அப்புறம் லில்லிபுஷ்பம், அப்புறம் மாமியாரான அத்தை, அப்புறம் பெர்சியாள். உள்ளங்கை வேர்த்துவிட்டது. சேலை முந்தானையில் துடைத்தாள், மறுபடி வேர்த்தது.

சங்கிலி ஜெபம் ஒன்றும் மலையைப் புரட்டுகிற காரியம் இல்லை. வட்டமாக உட்கார்ந்து ஒருவர் மாற்றி ஒருவர் வாய்விட்டு ஜெபிக்கவேண்டும், முடித்தவர் அடுத்தவர் கையைத் தொடவேண்டும், அவ்வளவுதான். ஜெபிக்க வராதவர்கள் பேசாமல் அடுத்த கையைத் தொட்டு விட்டுவிடலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், வீட்டுக்குப் போய்த்தான் சொல்வார்கள். பெர்சியாள் இந்த ஒரு வருசமாகத் தொட்டு விட்டுவிடுகிற கட்சி. ஆனால் இன்றைக்கு அவளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது யார்? அண்ணன் ஆவுடையப்பன். சங்கரன்கோவிலிலிருந்து மத்தியான பஸ்ஸில் வந்தவன், காலையில் பூசிய திருநீறு வேர்வையில் பாதி அழிந்த நெற்றியோடு, பிள்ளைக்கு வாங்கிவந்த மிக்சர் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். உள்ளே ரூம்ல இரு அண்ணே, சீக்கிரம் முடிஞ்சிரும் என்று சொல்லிப் பார்த்தாள். கேட்டால்தானே. "மாப்ளைக்கு வருசம் திரும்புத அன்னைக்கு நான் ரூம்ல போயி ஒளிஞ்சிக்கிடணுமாக்கும்" என்று காலியாகக் கிடந்த நாற்காலியை இழுத்து அவள் பக்கத்திலேயே போட்டுக்கொண்டான். இப்போது அவள் வாய் திறக்காமல் கையைத் தொட்டால் சங்கிலி அவன் தலையில் போய் விழும். அவனுக்கு என்ன தெரியும். என்னட்டி என்று சத்தமாகக் கேட்பான். பெண்கள் எல்லாரும் கண்ணைத் திறப்பார்கள். அவமானம் அவனுக்கா, இவளுக்கா, செத்துப்போன புருசன் ஆசீருக்கா என்று யாராலும் பிரித்துச் சொல்லமுடியாது.

பாக்கியசீலி டீச்சர் ஆரம்பித்துவிட்டாள். வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற குரல். "அன்பும் இரக்கமும் நிறைந்த பரலோகப் பிதாவே, உம்முடைய தாசன் ஆசீரை உம்மிடம் அழைத்துக்கொண்டு ஒரு வருடம் பூர்த்தியான இந்த நாளிலே..." எப்படித்தான் வருகிறதோ, குழாயைத் திறந்த மாதிரி. பெர்சியாளும் வீட்டில் தனியாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள், அன்பும் இரக்கமும் என்று ஆரம்பித்ததுமே அது தன் குரல் இல்லை, டீச்சர் குரல். குரலை மாற்றினால் ஆசீர் குரல். பத்து விரலைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தால் தன் குரல் என்று ஒன்று இருக்கிற மாதிரியே தெரியாது. "...உம்முடைய பிள்ளை பெர்சியாளையும் கண்ணோக்கும் ஆண்டவரே, உலகம் இழுக்குது, சொந்தபந்தம் இழுக்குது, கலப்பையில் கை வைத்தவள் பின்னிட்டுப் பார்க்காதபடி..." வந்துவிட்டது. பெர்சியாளுக்குக் காது சுட்டது. இந்த ஊரில் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை எல்லாம் ஜெபத்தில் வைத்துச் சொல்லிவிடுவார்கள். மருமகளோடு சண்டையா, ஜெபத்தில் வரும். பாட்டுக் குழுவில் சேர்க்கவில்லையா, அதுவும் வரும். ஆண்டவரிடம்தானே சொன்னேன், உன்னிடமா சொன்னேன் என்று தப்பித்துக்கொள்ளலாம். டீச்சர் சொன்னது ஆண்டவருக்கு இல்லை, பக்கத்தில் திருநீறோடு உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு. அவனுக்கு விளங்கியிருக்குமா. நூல் இடைவெளியில் ஓரமாகப் பார்த்தாள். ஆவுடையப்பன் கண்ணை மூடவே இல்லை, சுவரில் மாலை போட்டுத் தொங்குகிற ஆசீரின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கல்யாணத்துக்கு வராதவன். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலிலும் நிற்கவில்லை, சர்ச்சிலும் நிற்கவில்லை, எனக்குத் தங்கச்சி கிடையாது என்று தெருவில் நின்று சொன்னவன், மகள் ஷெரின் பிறந்ததும் ஒரு நாள் கொலுசோடு வந்து வாசலில் நின்றான். அன்றையிலிருந்து வராத மாசம் இல்லை. இப்போது பிள்ளையோடு எங்க வீட்டுக்கே வந்துரு என்கிறான். கெட்டவனாக இருந்தால் எவ்வளவு சௌகரியம். முடியாது போ என்று சொல்லிவிடலாம். இவனோ அவளுக்கென்று மாடியில் ரூம் கட்டியிருக்கிறான், குளிக்கிற அறை தனியாக, ஜன்னலைத் திறந்தால் கோபுரம் தெரியுமாம். "நீ சர்ச்சுக்குப் போகணும்னா போ, நான் தடுக்கவா போறேன்" என்கிறான். மதினியும் நல்லவள்தான். பிள்ளைக்கு ஷெரின்ங்கிற பேருதான் வாயில நுழைய மாட்டேங்குது, நாம வேற ஏதாச்சும் வச்சிக் கூப்பிட்டுக்கிடுவோம் என்று போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். அதில் ஒன்றும் விஷம் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பிறகு பெர்சியாளுக்கு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. அங்கே போனால் யாரும் எதையும் பிடுங்கமாட்டார்கள். தானாகவே உதிர்ந்துபோகும். முதலில் பிள்ளை பேர், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை, அப்புறம் மிச்சம் எல்லாம். உதிர்ந்துபோனால் என்ன என்று இன்னொரு பக்கம் கேட்கிறது. ஆசீருக்காக வந்தாய், ஆசீர் இல்லை, அப்புறம் யாருக்காக இங்கே உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருக்கிறாய். இந்தக் கேள்விதான் ஒரு வருசமாகத் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது அண்ணனும் அதைத்தான் வேற மாதிரிக் கேட்டான். "கூட்டம் முடிஞ்சதும் ஒரு பதில் சொல்லிரு கோமதி. போன தடவை மாதிரி பாப்போம் பாப்போம்னு இழுக்காத. ஜூன்ல பிள்ளைய அங்க பள்ளிக்கூடத்துல சேக்கணும்லா."

டீச்சர் ஆமென் சொன்னாள், வட்டம் ஆமென் சொன்னது. லில்லிபுஷ்பம் தொண்டையைச் செருமினாள். இவள் கொஞ்சம் இழுப்பாள், நோயாளிகள், மிஷனெரிகள், தேர்வு எழுதும் பிள்ளைகள், மழை என்று ஒரு ஊர்வலமே போகும், இன்றைக்கு இழுக்கட்டும், ராத்திரி வரைக்கும் இழுக்கட்டும். பிறந்த வீட்டில் கோமதி, இங்கே பெர்சியாள். ஆசீர் கடைசிவரைக்கும் அவளைக் கோமு என்றுதான் கூப்பிட்டார். ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் ஐயர் ஒரு பேர் சொல்லுங்கள் என்றபோது, பைபிளைப் புரட்டி, ரோமர் நிருபத்துக் கடைசியில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு பெண்ணின் பேரை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். மூன்று தரம் தண்ணீர் தெளித்தார்கள், பெர்சியாள் ஆகிவிட்டாள். மதியம் பிரியாணி. கல்யாணத்துக்காகத் தலையில தண்ணி தெளிச்சிக்கிட்டவ என்று பின்னால் பெஞ்சில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. விழவேண்டும் என்றுதானே சொன்னார்கள். பொய்யா சொன்னார்கள்? இல்லை, அதுதான் தொந்தரவு. அவர் இருந்தவரைக்கும் வீட்டுக் கூட்டங்களில் அவள் முறை வரும்போது அன்பான ஆண்டவரே என்று ஆரம்பிப்பாள், அதற்கு மேல் இருட்டாகிவிடும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆசீர் ஒரு இருமல் இருமிவிட்டு அந்த இடத்திலிருந்து எடுத்துக்கொண்டுபோய்விடுவார். புருசனும் பெண்சாதியும் சேர்ந்து ஜெபிக்கிறார்கள் என்று எல்லாரும் மெச்சினார்கள். இவள் பங்குக்கு ரெண்டே ரெண்டு வார்த்தை. மிச்சம் முழுக்க அவருடையது. ஆளே போனபிறகு அந்த ரெண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்ய.

போன வருசம் இதே நாள். பேட்டரிக் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தவர் பைக்கை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாராம், தண்ணீர் கேட்டாராம். பெர்சியாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஸ்டிரெச்சரில் செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. அந்தச் செருப்பைப் பார்த்ததும் அவள் வாயிலிருந்து வந்தது என்ன? இயேசப்பா இல்லை. கோமதித் தாயே என்று சங்கரன்கோவில் அம்மனைக் கூப்பிட்டுக் கத்தினாள். காரிடார் முழுக்கக் கேட்கிற மாதிரி, அடிவயிற்றிலிருந்து. பக்கத்தில் அத்தை நின்றாள். அத்தை அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று ஒரு வருசமாக யோசித்தும் பிடிபடவில்லை. அதற்கப்புறம் அத்தை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் இன்னும் பயம். பேசியிருந்தால் அழுது தீர்த்திருக்கலாம். செத்துக்கொண்டிருக்கிற புருசனுக்காகக் கூப்பிடும்போது எந்தப் பேர் வருகிறதோ அதுதானே ஒருத்தியின் நிஜமான சாமி, மற்றதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைச் சேலைதானே. அப்படியென்றால் இந்த வட்டத்தில் அவள் உட்கார்ந்திருப்பதே திருட்டுத்தனம். ஆனால் அந்தப் பேரும் காப்பாற்றவில்லை, இந்தப் பேரும் காப்பாற்றவில்லை, ரெண்டு பக்கமும் கதவைத் தட்டிவிட்டு நடுரோட்டில் நின்றாள் பெர்சியாள். இப்போது அடுத்தது அத்தை. அத்தை ஜெபத்தில் வைத்து அதைச் சொல்லிவிட்டால்? ஆஸ்பத்திரியில் இவள் யாரைக் கூப்பிட்டாள் என்று ஆண்டவரே நீர் அறிவீர் என்று ஒரு வரி போதுமே.

லில்லிபுஷ்பம் துரோகி, சுருக்கமாக முடித்துவிட்டாள். அத்தையின் நாற்காலி கிறீச்சிட்டது. ஞானசௌந்தரி அத்தை சபையிலேயே குரல் கம்மியானவள், ஒரே பிள்ளையைப் புதைத்தபிறகு இருந்த குரலும் பாதி போயிற்று. பெர்சியாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். "ஆண்டவரே" என்றாள் அத்தை. ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. மின்விசிறி சத்தம்தான். "ஆசீரு இல்லாம ஒரு வருசம் ஓடிப்போச்சி. இந்தப் பிள்ளைதான் எனக்குச் சோறு போடுதா. நான் எழும்புததுக்கு முன்னாலயே எழும்புதா. எனக்காக அவ ஒண்ணும் இங்க கெடக்க வேண்டாம் ஆண்டவரே. போறதுன்னா சந்தோசமாப் போகட்டும். நான் மனசுல ஒண்ணும் வச்சிக்கிட மாட்டேன். எங்க இருந்தாலும் அவ எம் மவதான். ஆமென்." இதைச் சொல்லவா இவ்வளவு நேரம் எடுத்தாள் இந்தக் கிழவி. பெர்சியாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுகைக்குப் பின்னாலேயே வேறொரு பயம் வந்தது, முன்னே இருந்ததைவிடப் பெரிய பயம். அத்தைக்காகத்தான் இருக்கிறேன் என்று ஒரு சாக்கு இத்தனை நாள் கையில் இருந்தது. அதையும் அத்தையே பிடுங்கிக்கொண்டாள். இனிமேல் அவளை இங்கே கட்டிவைக்க ஒருத்தரும் இல்லை. ஆசீர் இல்லை, அத்தை விட்டுவிட்டாள், சபை அவளை நம்பவே இல்லை, வாசல் அகலத் திறந்து கிடக்கிறது. போகலாம். எழுந்து அண்ணனோடு பஸ் ஏறலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். போயேன்.

அத்தையின் விரல்கள் புறங்கையைத் தொட்டன. காய்ந்துபோன விரல்கள். தொட்டுவிட்டு எடுக்காமல் ஒரு கணம் அப்படியே இருந்தன, பிறகு போய்விட்டன. பெர்சியாள் வாயைத் திறந்தாள். அன்பான ஆண்டவரே. அது உதடுவரைக்கும் வந்தது, வந்து நின்றது, அந்தப் பக்கம் இருமுவதற்கு ஆள் இல்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். தேடினாள். அன்பும் இரக்கமும், டீச்சர் குரல் வந்தது, போ என்று விரட்டினாள். உம்முடைய மகா பெரிய கிருபையினாலே, ஆசீர் வந்தார், நீங்களும் போங்க என்றாள். எல்லாரும் போனபிறகு உள்ளே கிரைண்டர் சத்தம் ஒன்றுதான் கேட்டது. என்ன கிரைண்டர்? இப்போது யார் மாவாட்டுகிறார்கள்? யாரும் இல்லை, அது அவளுடைய கிரைண்டர், ஒருநாள் விட்டு ஒருநாள் சாயங்காலம் அத்தை பால் வாங்கப் போனதும் அரிசியைப் போட்டுவிட்டு அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பாளே, அந்தக் கிரைண்டர். அந்தச் சத்தத்துக்குள் நின்றுகொண்டு வாய்க்கு வந்தபடி பேசுவாள். நல்லா இருக்கா உமக்கு, இப்ப சந்தோசமா, ஏழு வயசுப் பிள்ளைக்கு நான் என்னத்தைச் சொல்ல, நீரு வந்து சொல்லும். வாளியை நங்கென்று வைப்பாள். முட்டாள்தனமாக அழுவாள். ஒருநாள் ஷெரின் காய்ச்சல் விட்டபோது சரி, இதுக்கு மட்டும் நன்றி, மத்ததெல்லாம் அப்படியேதான் இருக்கு என்றும் சொன்னாள். அதை அவள் ஜெபம் என்று கணக்கில் வைத்ததே இல்லை. விதவைக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் யாரிடம் பேசினாள்? ஒரு வருசமாக, கதவைச் சாத்திக்கொண்டு, யார்மேல் அவ்வளவு கோபம்? இல்லாத ஆளோடு யாராவது இத்தனை நாள் சண்டை போடுவார்களா. ஆசீரிடம்கூட அவள் அப்படிப் பேசியதில்லை. ஆஸ்பத்திரியில் கத்தின அந்தப் பேரோடு ஒரு நாளும் அதற்கப்புறம் மல்லுக்கு நிற்கத் தோன்றவில்லையே. மல்லுக்கு நின்றதெல்லாம் இந்த ஆண்டவரோடுதான். யாரும் சொல்லித்தரவில்லை, யாரும் பக்கத்தில் இல்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. அடக் கடவுளே, இது என்னுடையதல்லவா என்று நினைத்தாள் பெர்சியாள்.

"ஆண்டவரே" என்றாள். அடுப்படிக் குரல்தான் வந்தது, கொஞ்சம் கடுகடுப்பாக, கூட்டத்துக்குப் பொருந்தாமல். ஐயரம்மா நெளிவது தெரிந்தது. நெளியட்டும். "உம்ம மேல எனக்குக் கோவம் இன்னும் தீரல. தீந்த மாதிரி பேச எனக்கு வராது. அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் யாரக் கூப்பிட்டேன்னு உமக்கும் தெரியும், எங்க அத்தைக்கும் தெரியும். எங்க அம்மா எனக்கு வச்ச பேரு அது, பேச்சு வந்ததுல இருந்து வாயில இருந்த பேரு, வந்துட்டு. அதுக்காக நீரு என்னைய விட்டுட்டுப் போயிருவீருன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். நீரு போகல. நான் திட்டுத திட்டெல்லாம் கேட்டுக்கிட்டு அங்கனயேதான் நிக்கீரு." மூச்சு வாங்கியது. அடுத்ததைச் சொல்லவேண்டும். இதை மட்டும் விட்டுவிட்டால் இதுவரை சொன்னதெல்லாம் அழகான ஜெபமாகப் போய்விடும், அண்ணன் பஸ்ஸுக்கு முன்னால் பதில் கேட்பான், பாப்போம் அண்ணே என்பாள், ஜூன் மாதம் மாடி ரூமில் இருப்பாள். "எங்க அண்ணன் கூப்பிட வந்திருக்கான் ஆண்டவரே. எனக்காக ரூமெல்லாம் கட்டி வச்சிருக்கான். இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான். நான் அவன்கூடப் போகல. கல்யாணத்துக்காகத்தான் இங்க வந்தேன், அது நெசம், இல்லேன்னு சொல்லல. இப்ப இருக்கது அவருக்காக இல்ல, அத்தைக்காகவும் இல்ல. எனக்கு நீரு வேணும், அதுக்காக இருக்கேன். எம் பிள்ளை பேரும் ஷெரின்தான். இத அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பாது. அதனால உம்மகிட்டச் சொல்லுதேன். அவன் பக்கத்துலதான் இருக்கான், கேட்டுக்கிடுவான். ஆமென்."

ஒருத்தரும் ஆமென் சொல்லவில்லை. சொல்ல மறந்துவிட்டார்கள். பெர்சியாளுக்குப் பாரம் இறக்கிவைத்த கூலியாள் மாதிரி இருந்தது. முடித்துவிட்டோம் என்ற நிம்மதியில், எத்தனையோ கூட்டத்துப் பழக்கத்தில், அவள் கை தானாகப் போய் அடுத்த கையைத் தொட்டுவிட்டது. தொட்டபிறகுதான் அது யார் கை என்று உறைத்தது. சங்கிலியை அவனிடம் கொடுத்துவிட்டாள். இழுத்துக்கொள்ளலாமா? ஐயரம்மா உடனே கர்த்தருடைய ஜெபத்தை ஆரம்பிக்க மாட்டாளா? ஆரம்பிக்கவில்லை. வட்டம் முழுக்க விதிப்படி கண்ணை மூடிக் காத்திருந்தது, அடுத்த ஆள் பேசவேண்டும், அதுதான் முறை. மிக்சர் பொட்டலம் கசங்குகிற சத்தம் கேட்டது. எழுந்து போகப்போகிறான். வாசலில் நின்று மறுபடியும் எனக்குத் தங்கச்சி கிடையாது என்று சொல்லப்போகிறான். பெர்சியாள் அந்த நூல் இடைவெளியையும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

ஆவுடையப்பன் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். "எனக்கு இந்த மாதிரியெல்லாம் பேசிப் பழக்கமில்ல" என்றான், குரல் சுவர்ப் பக்கம் போயிற்று. வட்டத்திடம் பேசுகிறானா, படத்திலிருக்கிற ஆசீரிடமா, ஆண்டவரிடமா என்று தெரியவில்லை. "கல்யாணத்துக்கு நான் வரல. பொண்ணு வீட்டுக்காரன் சொல்லுதத அப்ப சொல்லிருக்கணும், சொல்லல." மூக்கை உறிஞ்சினான். "எங்க வீட்டுப் பிள்ளை. கோவக்காரி, ஆனா மனசு சுத்தம். இனி உங்க பொறுப்பு. நல்லா பாத்துக்கிடுங்க." அதோடு அவனுக்கு முடிந்துவிட்டது, ஆனால் எப்படி முடிப்பது என்று தெரியவில்லை, கையை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. ஆமென் என்று முதலில் சொன்னது பெர்சியாள்தான்.